கன்டெய்னர் உள்ள டிஎஃப் (டிஸ்க்ல எவ்ளோ எடம்னு காட்டுற கமாண்ட்) 11 டிபி ஃப்ரீன்னு காட்டுது, எழுதப் போனா எடம் இல்லைங்குது. கோட்டாவை உள்ள எப்படி காட்டுறது?

அரைகுறை_அட்மின்:
ரெண்டு நாளா மண்டை காயுது, யாராச்சும் வழி சொல்லுங்க. ஃபோன்ல இருந்து அடிக்கிறேன், கமாண்டெல்லாம் தமிழ்லயே வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

எங்ககிட்ட ஒரே ஒரு பெரிய சர்வர், 40 டிபி எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம், ஹோஸ்ட்ல (அந்த சர்வர்லயே) /ஷேர்-ல மவுன்ட் ஆயிருக்கு. மொத்தம் ஒன்பது டீம். டீமுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்கு ஒரு ப்ராஜெக்ட் கோட்டா, அதாவது அந்த ஃபோல்டருக்கு இவ்ளோ எடம்தான்ங்கிற வரம்பு, 500 ஜிபி. இது எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போனது. எல்லாரும் டாக்கர் கன்டெய்னர் (அதே சர்வர்ல பிரிச்சு வெச்ச தனி அறை மாதிரி) உள்ளதான் வேலை பாக்குறாங்க, பொது டேட்டாசெட்டும் அதே டிஸ்க்லதான் கெடக்கு, அதனால /ஷேர்-ஐ அப்படியே முழுசா உள்ள /டேட்டா-ன்னு பைண்ட் மவுன்ட் பண்ணி (ஹோஸ்ட் ஃபோல்டரையே உள்ள தெரிய வெச்சு) குடுத்துட்டேன்.

நேத்து டீம் 3 ஆளோட ஜாப் 14 மணி நேரம் ஓடி கடைசி ஃபைல் எழுதும்போது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு விழுந்துருச்சு. அவர் ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே எடம் இருக்கான்னு பாக்குது, பைத்தானோட டிஸ்க்_யூசேஜ் வெச்சு, அது 11 டிபி இருக்குன்னு சொல்லிருக்கு. உள்ள போய் டிஎஃப் -ஹெச் அடிச்சேன்:

/டேட்டா    சைஸ் 40டி    யூஸ்டு 29டி    அவெய்ல் 11டி    73%

11 டிபி சும்மா கெடக்கு, எடம் இல்லையாம். அவர் என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல.

கன்டெய்னர்_காதலன்:
எல்எக்ஸ்சிஎஃப்எஸ் போடுங்க ப்ரோ, முடிஞ்சுது. கன்டெய்னர் உள்ள ஃப்ரீ அடிச்சா ஹோஸ்ட் மெமரி தெரியாம லிமிட் மட்டும் தெரியுதுல்ல, அதே மாதிரி டிஸ்க்கும் காட்டிரும்.

பழைய_சர்வர்:
காட்டாது தம்பி. எல்எக்ஸ்சிஎஃப்எஸ் /ப்ராக் கீழ இருக்குற சில ஃபைலை மட்டும்தான் மாத்தி காட்டும், மெம்இன்ஃபோ, சிபியுஇன்ஃபோ, அப்டைம் இந்த மாதிரி. டிஎஃப் தன்னோட சைஸ் நம்பரை /ப்ராக்-ல இருந்து எடுக்கிறதே இல்ல. மவுன்ட் லிஸ்ட் மட்டும்தான் அங்க பாக்கும், நம்பருக்கு ஸ்டாட்எஃப்எஸ் சிஸ்டம் கால் போட்டு நேரா ஃபைல்சிஸ்டம்கிட்டயே கேக்கும். இன்னொண்ணு, மெமரிக்கு சிகுரூப் (கெர்னல் ப்ராசஸுக்கு லிமிட் போடுற வசதி) இருக்கு, சிபியுக்கு இருக்கு, டிஸ்க் ஐஓ வேகத்துக்குக் கூட இருக்கு, ஆனா "இவ்ளோ எடம்தான்"னு சொல்ற சிகுரூப் கன்ட்ரோலர் கிடையவே கிடையாது. எடக் கணக்கு முழுக்க ஃபைல்சிஸ்டம் பொறுப்பு. அதனாலதான் ஒவ்வொரு ஃபைல்சிஸ்டமும் ஒவ்வொரு மாதிரி பேசுது.

அட்மின், ஒண்ணு பண்ணுங்க. அதே கன்டெய்னர் உள்ள "டிஎஃப் -ஹெச் /டேட்டா/டீம்3"ன்னு ஃபோல்டர் பேரோட அடிச்சுட்டு என்ன வருதுன்னு இங்க போடுங்க.

அரைகுறை_அட்மின்:
என்னங்கடா இது. சைஸ் 450ஜி, அவெய்ல் 0, 100%. அதே டிஸ்க், அதே கன்டெய்னர், ஒரு லெவல் உள்ள போனா வேற நம்பர் வருது. அதுவும் 500 இல்ல, 450!

பழைய_சர்வர்:
நினைச்சேன். ரெண்டையும் தனித்தனியா சொல்றேன்.

மொதல்ல ஒரு லெவல் விஷயம். ஸ்டாட்எஃப்எஸ்க்கு ஒரு பாத் குடுத்துதான் கேக்கணும். எக்ஸ்எஃப்எஸ் அந்த பாத்தோட ஐநோடை (ஃபைல், ஃபோல்டரோட விவரம் இருக்குற பதிவு) எடுத்து, அதுல ப்ராஜெக்ட் இன்ஹெரிட் ஃப்ளாக் (உள்ள வர்றதெல்லாம் இதே ப்ராஜெக்ட்ங்கிற குறி) இருக்கான்னு பாக்கும், இருந்து அந்த ப்ராஜெக்ட்டுக்கு லிமிட்டும் இருந்தா, மொத்த டிஸ்க் நம்பரை தூக்கி வெச்சுட்டு கோட்டா நம்பரை குடுக்கும். ஃப்ளாக் இல்லைன்னா முழு டிஸ்க். உங்க /டேட்டா-ங்கிறது ஹோஸ்டோட /ஷேர், அதுக்கு ப்ராஜெக்ட் எதுவும் கிடையாது, அதனால 40 டிபி. கீழ இருக்குற டீம்3-க்குத்தான் ஃப்ளாக் இருக்கு. பைத்தான் ஃபங்ஷனும் இதே சிஸ்டம் காலைத்தான் போடுது, ஸ்கிரிப்ட் /டேட்டா-ன்னு கேட்டிருக்கும், எழுதுனது /டேட்டா/டீம்3-ல. கேட்ட எடம் வேற, எழுதுன எடம் வேற. டிஎஃப் பொய் சொல்லல, நீங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லிருக்கு.

450 எப்படின்னா, உங்களுக்கு முன்னாடி இருந்தவர் சாஃப்ட் லிமிட்டும் (கிரேஸ் டைம் முடியுற வரைக்கும் தாண்டலாம், ஹார்டு லிமிட்டை தாண்டவே முடியாது) போட்டிருப்பார். சாஃப்ட் லிமிட் இருந்தா எக்ஸ்எஃப்எஸ் அதைத்தான் சைஸ்னு காட்டும், இல்லைன்னாதான் ஹார்டு. அதனால டிஎஃப் 100% காட்டும்போதும் இன்னும் 50 ஜிபி எழுதலாம், கிரேஸ் டைம் இருக்குற வரைக்கும். ஹோஸ்ட்ல எக்ஸ்எஃப்எஸ்_கோட்டா ரிப்போர்ட்டை -பி போட்டு எடுத்துப் பாருங்க.

அரைகுறை_அட்மின்:
அண்ணே காலைத் தொட்டு கும்பிடுறேன். ரிப்போர்ட்ல சாஃப்ட் 450ஜி, ஹார்டு 500ஜி, யூஸ்டு 471ஜி, கிரேஸ்னு போட்ட எடத்துல "7 டேஸ்"னு இருக்கு.

பழைய_சர்வர்:
கும்பிடெல்லாம் வேணாம். ஆனா 471 தானே இருக்கு, 500-ஐ தொடவே இல்லையே, அப்புறம் ஏன் விழுந்துச்சு? கிரேஸ் முடிஞ்சிருந்தா சாஃப்ட் லிமிட்டே ஹார்டு மாதிரி நிக்கும், உங்களுக்கு இன்னும் 7 நாள்னு வருது, அதுவும் இல்ல. கடைசி ஃபைல் எவ்ளோ பெருசு?

அரைகுறை_அட்மின்:
அவர்கிட்ட கேட்டேன், 60 ஜிபி செக்பாயின்ட் (ஜாப் இதுவரைக்கும் பண்ணதை சேவ் பண்ற ஃபைல்). பாதி எழுதும்போது செத்திருக்கு, ஸ்கிரிப்ட் அந்த அரைகுறை ஃபைலை டெலீட் பண்ணிட்டு வெளிய வந்துருச்சு. ஓ. அப்ப செத்த நேரத்துல 500 தொட்டிருக்கு, அழிச்சதும் திரும்ப 471. சரி சரி, கணக்கு உதைக்கல.

ஐநோடு_தீர்ந்தவன்:
எனக்கு ஒரு சந்தேகம், கோட்டான்னா "டிஸ்க் கோட்டா எக்ஸீடெட்"னுதானே எரர் வரணும்? "நோ ஸ்பேஸ்"னு வந்ததாலதானே இவர் டிஎஃப் பாத்து கொழம்பிருக்காரு.

நிலா_ரூட்:
எக்ஸ்எஃப்எஸ்ல யூசர் கோட்டா, குரூப் கோட்டா தாண்டுனாதான் அந்த எரர், நம்பர் 122. ப்ராஜெக்ட் கோட்டா தாண்டுனா எரர் 28, டிஸ்க் நெறைஞ்சுதுன்னு வர்ற அதே நோ ஸ்பேஸ். அந்த ஃபோல்டரை ஒரு குட்டி டிஸ்க் மாதிரி நடிக்க வைக்கணும்ங்கிற யோசனை. டிஎஃப்ல குட்டி டிஸ்க் மாதிரி காட்டுறதும் அதுக்குத்தான். பாதி நடிப்பு மட்டும் தெரியுற எடத்துல, அதாவது மவுன்ட் ஒரு லெவல் மேல இருக்கும்போது, இந்த மாதிரி குழப்பம் வரும். எக்ஸ்ட்4-லயும் ப்ராஜெக்ட் கோட்டா இருக்கு, லினக்ஸ் 4.5-ல இருந்து, டிஎஃப்லயும் காட்டும், ஆனா அங்க எரர் 122. எரர் மெசேஜை மட்டும் நம்பி அலர்ட் எழுதுனா ஒரு மெஷின்ல பிடிக்கும், இன்னொண்ணுல கோட்டை விடும்.

கன்டெய்னர்_காதலன்:
சரி எல்எக்ஸ்சிஎஃப்எஸ் இல்ல, ஒத்துக்கிறேன். எல்டி_ப்ரீலோட் போட்டு (ப்ரோக்ராமுக்கு முன்னாடி நம்ம லைப்ரரியை ஏத்தி) எடம் கேக்குற ஸ்டாட்விஎஃப்எஸ் ஃபங்ஷனை புடிச்சு நாமளே நம்பர் குடுத்தா?

நிலா_ரூட்:
அதையும் பண்ணிப் பாத்திருக்கேன், ஒரு வாரம் பெருமையா சுத்துனேன். அப்புறம் ஒருத்தர் கோ மொழில எழுதுன டூல் கொண்டு வந்தாரு, அது லிப்சி (வழக்கமான சி லைப்ரரி) பக்கமே போகாம நேரா கெர்னலை கூப்பிடும், என் லைப்ரரியை திரும்பிக் கூட பாக்கல. ஸ்டாட்டிக்கா கம்பைல் பண்ண எதுக்கும் வேலை செய்யாது. ஒரே கன்டெய்னர்ல ரெண்டு டூல் ரெண்டு நம்பர் சொல்றது, ரெண்டுமே தப்பா சொல்றதை விட மோசம்.

குபேர்_பையன்:
நடுவுல நொழையுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க கதை இன்னும் கேவலம். குபர்னெட்டிஸ்ல (நெறைய கன்டெய்னரை நிர்வகிக்கிற சிஸ்டம்) என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா வர்ற ஃபைல்சிஸ்டம்) சப்டைரக்டரி ப்ரொவிஷனர் வெச்சு பிவிசி (எடம் கேக்குற விண்ணப்பம்) குடுக்கிறோம், டெவலப்பர் 100 ஜிபி கேட்டு எழுதுறாரு, ஏபிஐயும் 100 ஜிபின்னு பெருமையா காட்டுது, உள்ள டிஎஃப் அடிச்சா 20 டிபி. நான் நினைச்சேன் காட்டுறதுதான் தப்புன்னு, கடைசில பாத்தா லிமிட்டே கிடையாது, பின்னாடி வெறும் ஒரு எம்கேடிர்தான், ஒரு ஃபோல்டர் உருவாக்குறதோட சரி. குபெலெட் (ஒவ்வொரு மெஷின்லயும் ஓடுற குபர்னெட்டிஸ் ஏஜென்ட்) மெட்ரிக்ஸ்ல 30 பிவிசியும் ஒரே யூஸ்டு நம்பர் காட்டுது, கிராஃப்ல 30 கோடு ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்கு.

பழைய_சர்வர்:
ஆமா, அந்த ப்ரொவிஷனர் டாக்குமென்ட்லயே அந்த சைஸை அமல்படுத்த மாட்டோம்னு எழுதியே வெச்சிருக்காங்க, யாரும் படிக்கிறதில்ல. 30 கோடும் ஒண்ணா இருக்கக் காரணம் அதே ஸ்டாட்எஃப்எஸ்தான், ஒரே எக்ஸ்போர்ட், ஒரே பதில். என்எஃப்எஸ் 3-க்கான ஆர்எஃப்சி 1813-லயே யூசருக்குக் கிடைக்கிற எடம்னு சொல்ற ஃபீல்டுக்கு பக்கத்துல, இது சர்வரோட கோட்டாவை பிரதிபலிக்காதுன்னு போட்டிருக்கு. யூசர் கோட்டா தனியா ஆர்கோட்டாடின்னு ஒரு சர்வீஸ் வழியாத்தான் போகும், கோட்டா கமாண்ட் அதைக் கேக்கும், டிஎஃப் கேக்காது. என்எஃப்எஸ்ல எழுதும்போது இன்னொரு கொடுமை, ரைட் கால் சக்சஸ்னு திரும்பிரும், டேட்டா கேஷ்ல நிக்கும், எரர் எஃப்சிங்க் (கேஷ்ல இருக்குறதை கட்டாயமா எழுத வைக்கிற கால்) பண்ணும்போதோ குளோஸ் பண்ணும்போதோதான் வரும். குளோஸோட ரிட்டர்ன் வேல்யூவை செக் பண்ற ஆள் எத்தனை பேர்? ஃபைல் பாதில வெட்டுப்பட்டு நிக்கும், ஜாப் லாக்ல "டன்"னு இருக்கும்.

நிலா_ரூட்:
எங்ககிட்ட செஃப்எஃப்எஸ், பல சர்வர் சேர்ந்த கிளஸ்டர் ஃபைல்சிஸ்டம். அது கொஞ்சம் நல்ல புள்ள. ஃபோல்டர்ல செஃப்.கோட்டா.மேக்ஸ்_பைட்ஸ்-ன்னு ஒரு எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட் செட் பண்ணணும், அந்த ஃபோல்டரையே ரூட்டா வெச்சு மவுன்ட் பண்ணா டிஎஃப் கோட்டா சைஸை காட்டும். மேல இருக்குற ஃபோல்டரை மவுன்ட் பண்ணா அங்கயும் மொத்த கிளஸ்டர்தான். ஆக அட்மினோட பிரச்சனை எக்ஸ்எஃப்எஸ்க்கு மட்டும் சொந்தமில்ல. யூஸ் பண்ண அளவு வேணும்னா செஃப்.டிர்.ஆர்பைட்ஸ்-ஐ கெட்ஃபாட்டர்ல படிச்சா போதும், கீழ இருக்குற எல்லாத்தையும் கூட்டி ரெடியா வெச்சிருக்கும், டியூ (ஃபைல் ஒவ்வொண்ணா கூட்டிப் பாக்குற கமாண்ட்) ஓட்டி மெட்டாடேட்டா சர்வரை சாகடிக்க வேண்டாம். ஒரே குறை, கோட்டாவை நிறுத்துறது கிளையன்ட் பக்கம், அதனால லிமிட் தொட்ட உடனே டக்னு நிக்காது, கொஞ்சம் தாண்டித்தான் நிக்கும்.

ஐநோடு_தீர்ந்தவன்:
மத்த ஃபைல்சிஸ்டமும் சொல்றேன். ஜிபிஎஃப்எஸ்ல ஃபைல்செட்டுக்கு (அதுக்குள்ள பிரிச்ச ஒரு பகுதி) கோட்டா போட்டுட்டு ஃபைல்சிஸ்டத்துல ஃபைல்செட்டிஎஃப் ஆப்ஷனை ஆன் பண்ணா டிஎஃப் கோட்டாவை காட்டும். குளஸ்டர்எஃப்எஸ்ல கோட்டா-டீம்-ஸ்டாட்எஃப்எஸ்-ன்னு ஒரு செட்டிங், அதுவும் இதுக்குத்தான். இசட்எஃப்எஸ்ல டீமுக்கு ஒரு டேட்டாசெட் போட்டா பிரச்சனையே இல்ல, அது தனி மவுன்ட்.

பிடிஆர்எஃப்எஸ் வெச்சிருக்கவங்கதான் பாவம், க்யூகுரூப் (அதோட கோட்டா வசதி) லிமிட் போட்டாலும் டிஎஃப் அதை கண்டுக்காது.

அரைகுறை_அட்மின்:
எல்லாருக்கும் நன்றி. இப்ப நான் என்ன பண்ணணும்? ஸ்கிரிப்டை மாத்தச் சொல்றதா, மவுன்டை மாத்துறதா? ஒன்பது டீம் ஸ்கிரிப்டையும் நான் தேட முடியாது.

பழைய_சர்வர்:
மவுன்டை மாத்துங்க. /ஷேர்-ஐ முழுசா உள்ள தூக்கி போடாதீங்க. ரெண்டு பைண்ட் மவுன்ட், பொது டேட்டாசெட் மட்டும் ரீட்ஒன்லியா ஒரு எடத்துல, டீமோட ஃபோல்டர் /டேட்டா-ல. கோட்டா எந்த ஃபோல்டர்ல ஆரம்பிக்குதோ அதே ஃபோல்டர்தான் மவுன்ட் பாயின்ட்டா இருக்கணும், அப்ப டிஎஃப், பைத்தான், கோ டூல் எல்லாம் கெர்னல்கிட்ட இருந்தே சரியான நம்பரை வாங்கிக்கும், நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். அடுத்த டீம் ஃபோல்டரும் கண்ணுல படாது, அது போனஸ்.

சாஃப்ட் லிமிட்டை எடுத்துருங்க, இல்ல 500-க்கு ஏத்திருங்க. 100% காட்டிட்டு எழுத விடுறது மனுஷனுக்கு புரியாது.

கன்டெய்னர்_காதலன்:
நான் சாஃப்ட் லிமிட்டை எடுக்கக் கூடாதுன்னு சொல்வேன். 100% பாத்தாதான் ஆளுங்க க்ளீன் பண்ணுவாங்க, 50 ஜிபி மூச்சு விட எடம் இருக்கும். மத்த நேரத்துல கெஞ்சினாலும் அழிக்க மாட்டாங்க.

பழைய_சர்வர்:
ஸ்கிரிப்ட் ஃப்ரீ ஸ்பேஸ் பாத்துட்டுத்தான் ஓடும்னா 0-ன்னு பாத்து ஓடவே ஓடாது, நிஜமா எடம் இருக்கும்போதே. மனுஷனுக்கு மிரட்டலா தெரியுற நம்பரை மெஷின் உண்மைன்னு எடுத்துக்கும். மிரட்டுறதுக்கு மெயில் அனுப்புங்க.

நிலா_ரூட்:
இதுல நான் பழைய_சர்வர் பக்கம். ஆனா மவுன்ட் மாத்துனா வர்ற சைடு எஃபெக்ட்டையும் சொல்லிருங்க அண்ணா, அப்புறம் இவர் திரும்ப வந்து நிப்பாரு. எம்வி (ஃபைலை நகர்த்துற கமாண்ட்) கதை.

பழைய_சர்வர்:
ஆமாம்மா, மறந்துட்டேன். மவுன்ட் ரெண்டா பிரிஞ்சதும் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ரீநேம் வேலை செய்யாது, ஹார்டு லிங்கும் போட முடியாது. மவுன்ட் மாத்தாட்டியும் ரெண்டு ஃபோல்டருக்கு வேற வேற ப்ராஜெக்ட் ஐடி இருந்தா எக்ஸ்எஃப்எஸ் இதையேதான் செய்யும், "கிராஸ் டிவைஸ் லிங்க்"னு மறுத்துரும். எம்வி கமாண்ட் அதைப் பாத்து சத்தமில்லாம காப்பி பண்ணி பழசை அழிக்கும். கண் சிமிட்டுற நேரத்துல முடிய வேண்டியது 300 ஜிபி காப்பியா மாறி அரை நாள் ஓடும், ஆளு ஹேங் ஆயிருச்சுன்னு கன்ட்ரோல் சி அடிப்பாரு.

குபேர்_பையன்:
அண்ணே, கோட்டா கமாண்டையே கன்டெய்னர் உள்ள இன்ஸ்டால் பண்ணி குடுத்தா ஆகாதா?

பழைய_சர்வர்:
அது கோட்டாசிடிஎல் கால் போடும், அதுக்கு பிளாக் டிவைஸ் பாத் வேணும், கன்டெய்னர் உள்ள அந்த டிவைஸே இருக்காது. 5.14 கெர்னல்ல கோட்டாசிடிஎல்_எஃப்டி வந்துச்சு, டிவைஸ் இல்லாம மவுன்ட் பாயின்ட் வெச்சே கேக்கலாம், ஆனா டாக்கரோட டிஃபால்ட் செக்காம்ப் (சிஸ்டம் காலை வடிகட்டுறது) சிஸ்_அட்மின்ங்கிற பெரிய அதிகாரம் இல்லாம இதையெல்லாம் விடாது. டிஎஃப்ல காட்டவே முடியாத ஃபைல்சிஸ்டம்னா, ஹோஸ்ட்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட், நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் எடுத்து டீமுக்கு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலா எழுதி, அதை ரீட்ஒன்லியா உள்ள மவுன்ட் பண்ணுங்க. லிமிட், யூஸ்டு, எப்ப எடுத்ததுங்கிற டைம், மூணு வரி. டைம் முக்கியம், ஸ்கிரிப்ட் செத்துப் போயி பழைய நம்பர் தொங்கிட்டு நிக்கிறது தெரியணும்.

ஃபைலை மாத்தும்போது வேற பேர்ல எழுதி ரீநேம் பண்ணுங்க, ஆனா மவுன்ட் ஃபோல்டரா இருக்கணும், தனி ஃபைலை பைண்ட் பண்ணா உள்ள பழைய ஐநோடே நிக்கும், புது நம்பர் வரவே வராது. இதுல நான் ஒரு நாள் பூரா தேடிருக்கேன்.

நிலா_ரூட்:
எடம் இருக்குன்னு காட்டுற நம்பர்ல இன்னொரு ஓட்டை இருக்கு. எங்க பழைய செட்டப்ல 40 டிபி டிஸ்க், 60 டீமுக்கு ஆளுக்கு 1 டிபி கோட்டா, எல்லாரும் நெரப்ப மாட்டாங்கன்னு ஒரு தைரியம். ஒரு நாள் டிஸ்க்ல நிஜமா 50 ஜிபிதான் மிச்சம், ஆனா ஒரு டீமுக்கு டிஎஃப் 300 ஜிபி ஃப்ரீன்னு காட்டுச்சு, ஏன்னா பழைய கெர்னல்ல எக்ஸ்எஃப்எஸ் கோட்டால மிச்சத்தை மட்டும்தான் கணக்கு போடும், டிஸ்க் மிச்சத்தைப் பாக்காது. நீங்க டெக்ஸ்ட் ஃபைல் எழுதுறதா இருந்தா ரெண்டுல எது கம்மியோ அதை எழுதுங்க.

ஐநோடு_தீர்ந்தவன்:
இவ்ளோ பேசியாச்சு, இதையும் சொல்லிடறேன். உங்க கன்டெய்னர் யூசர் நேம்ஸ்பேஸ் (உள்ள இருக்குற யூசர் ஐடியை ஹோஸ்ட்ல வேற ஐடியா மாத்துறது) இல்லாம ஓடுதா? அப்படின்னா உள்ள இருக்கவர் தன்னோட ஃபைலுக்கு சாட்டர் -பி 0 (ப்ராஜெக்ட் ஐடியை 0 ஆக்குற கமாண்ட்) அடிச்சா ப்ராஜெக்ட் ஐடி மாறி கோட்டா கணக்குல இருந்தே அந்த ஃபைல் காணாம போயிரும். ரூட் கூட தேவையில்ல, ஃபைலோட ஓனரா இருந்தா போதும். கெர்னல் இதை ஹோஸ்டோட நேம்ஸ்பேஸ்ல இருந்து மட்டும்தான் விடும், அதனால டாக்கர்ல யூசர் ரீமேப் ஆன் பண்ணா இந்தக் கதவு மூடிரும்.

அரைகுறை_அட்மின்:
ஐயோ. இதை ஏன் பொதுவுல சொல்றீங்க, எங்க டீம் 7 இந்த இழையை படிக்கிறாங்கன்னு நினைக்கிறேன்.

அரைகுறை_அட்மின்:
அப்டேட். மூணு நாள் ஆச்சு.

மவுன்டை பிரிச்சுட்டேன், சாஃப்ட் லிமிட்டை எடுத்துட்டேன். இப்ப டீம் 3 கன்டெய்னர்ல டிஎஃப் அடிச்சா:

/டேட்டா    சைஸ் 500ஜி    யூஸ்டு 471ஜி    அவெய்ல் 29ஜி    95%

அவர் ஸ்கிரிப்ட் ஒரு வரி மாத்தாம, ஆரம்பிச்ச ரெண்டாவது செகண்ட்லயே "60 ஜிபி வேணும், 29தான் இருக்கு"ன்னு சொல்லி நின்னுருச்சு.

ஆனா அவர் டியூ ஓட்டி 388 ஜிபிதான் வருது, மீதி 83 ஜிபி எங்கன்னு சண்டைக்கு வந்தாரு. ஹோஸ்ட்ல எல்எஸ்ஓஎஃப் +எல்1 (அழிச்சும் ஓப்பன்ல இருக்குற ஃபைலை காட்டும்) போட்டேன், அவரோட பழைய நோட்புக் ப்ராசஸ் ஒண்ணு, டெலீட் பண்ண லாக் ஃபைலை ஓப்பன்லயே புடிச்சு வெச்சிருந்துச்சு, 83 ஜிபி. ப்ராசஸை கொன்னதும் கோட்டா 388-க்கு இறங்கிருச்சு.

டீம் 5-ல பழைய பாத்துக்கு சிம்லிங்க் போட்டு வெச்சிருந்தாங்க, /டேட்டா/டீம்5-ன்னு, அதெல்லாம் உடைஞ்சுது. டீம் ஃபோல்டருக்குள்ளயே அந்த பேர்ல புள்ளிக்கு (அதே ஃபோல்டருக்கே) ஒரு சிம்லிங்க் போட்டு ஒப்பேத்திருக்கேன், அசிங்கமாத்தான் இருக்கு, ஓடுது.

யூசர் ரீமேப் இன்னும் பண்ணல, ஃபைல் ஓனர்ஷிப் எல்லாம் மாத்தணும். ப்ராஜெக்ட் 0-ல எவ்ளோ யூஸ்டுன்னு தினமும் பாக்குறேன். நேத்து ராத்திரில இருந்து 120 ஜிபி ஏறிருக்கு, பொது டேட்டாசெட்ல யாரும் எதுவும் போடல.

ஐநோடு_தீர்ந்தவன்:
டீம் 7.